பரிசீலனையில் ஒரு நண்டு

“ஏத்துக்கலாம்னு எழுதவா, வேண்டாம்னு எழுதவா? நீங்களே சொல்லுங்க சார்.”

பேராசிரியர் மங்கையர்க்கரசி இப்படிக் கேட்டபோது கிதியோன் சார் அடுப்படியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். ஓடை நண்டுகளை இனம் பிரித்துப் பெயர் வைக்கும் வித்தையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அவளுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. இருந்தும் குழப்பம் வந்தால் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் பஸ் ஏறிவிடுவாள்.

“எதை?”

“ஒரு ஜர்னல்ல இருந்து என் கருத்துக் கேட்டு ஒரு கட்டுரை வந்திருக்கு. புது நண்டு. மலை ஓடையில கண்டுபிடிச்சது.”

“நல்லா இருக்கா?”

“நல்லா இருக்கு.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். “என் கட்டுரையைவிட நல்லா இருக்கு.”

சார் திரும்பிப் பார்த்தார்.

“அதே நண்டு சார். அதே ஓடை. நானும் எழுதிக்கிட்டிருக்கேன். பாதியில நிக்குது.”

நண்டு ஆராய்ச்சிக்காரர்களின் சட்டம் எளிமையானது. யார் முதலில் அச்சில் கொண்டுவருகிறாரோ அவர் வைத்ததுதான் பெயர். இரண்டாவதாக வருகிறவர் எத்தனை மழைக்காலம் ஓடையில் நின்று கால் ஊறியிருந்தாலும் சரி, துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

“எழுதினது யாரு?”

“பேர் போட்டு அனுப்பமாட்டாங்க சார். எழுதினவருக்கும் என் பேர் தெரியாது.”

“அது எனக்குத் தெரியாதா? யாருன்னு கேட்டேன்.”

“அந்த ஓடையில கல்லைப் புரட்டுறது ரெண்டே பேர்தான். ஒண்ணு நான். இன்னொருத்தர் கார்மேகம். சின்ன ஊர்க் காலேஜ்ல ஆராய்ச்சி பண்றார். உதவித்தொகையிலதான் ஓடுது.”

“கட்டுரையைக் காட்டு.”

“ஐயோ, காட்டக் கூடாது சார். அச்சாகிற வரைக்கும் ரகசியம்.”

“பரவாயில்லையே, விதியெல்லாம் ஞாபகம் வச்சிருக்கியே,” என்றார் சார். “எப்ப வந்துச்சு?”

“மழை ஆரம்பிச்சப்ப.”

வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

“எடிட்டர் கேக்கலையா?”

“கேட்டார். பார்த்துக்கிட்டிருக்கேன்னு எழுதினேன். மறுபடி கேட்டார். மறுபடி அதையே எழுதினேன்.”

அந்த இடைவெளியில் தன் கட்டுரையைத் தூசி தட்டி எடுத்து அவசர அவசரமாக எழுதிக்கொண்டிருந்ததை அவள் சொல்லவில்லை. சார் கேட்கவும் இல்லை. கேட்டுத்தான் தெரிய வேண்டுமா என்ன?

சார் இரண்டு தம்ளரில் தேநீர் ஊற்றினார். ஒன்றைக் குடித்து முடித்தார். இன்னொன்றைக் கையில் பிடித்தபடி அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

பஸ்ஸில் வந்த அலுப்பு. நாக்கு வறண்டிருந்தது. அவள் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

“சார், அது எனக்குத்தானே?”

“பார்த்துக்கிட்டிருக்கேன்.”

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

நேரம் போனது. தேநீரில் ஆடை படிந்தது.

“டீ சரியில்லையா சார்?”

“பார்த்துக்கிட்டிருக்கேன்.”

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “கொடுக்க மனசில்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க சார். நான் தெருமுனைக் கடையிலயாவது போய்க் குடிச்சுக்குவேன்.”

சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் அப்படியே நின்றாள்.

பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போனில் தட்டி எடிட்டருக்கு அனுப்பினாள். ‘குறை ஏதுமில்லை. உடனே வெளியிடலாம்.’ தன் நண்டு கைவிட்டுப் போனதே என்று கோவில்பட்டி வரைக்கும் அழுதாள். அதற்குப் பிறகு மனசு லேசாகி நன்றாகத் தூங்கினாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது எடிட்டரின் பதில் காத்திருந்தது. ‘மிக்க நன்றி. ஆனால் கட்டுரையாளர் தம் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டுவிட்டார்.’

அவள் மறுபடியும் தூத்துக்குடிக்குப் போனாள்.

“கார்மேகத்துக்குப் போன் பண்ணினேன் சார்.”

“எப்படி இருக்கார்?”

“ஒரு கட்டுரையாவது ஏத்துக்கிட்டாங்கன்னு காட்டினாத்தான் உதவித்தொகையை நீட்டிப்பாங்களாம். அவரால காட்ட முடியலை. இப்ப நெல்லூர்ப் பக்கம் இறால் தீவனக் கம்பெனியில சேல்ஸ்மேனா இருக்கார். பைக்ல பண்ணை பண்ணையா அலையிறாராம்.”

சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இன்னொண்ணும் சொன்னார். யாரோ ஒருத்தர் கிடப்புல போட்டுட்டார் மேடம், உங்களை மாதிரி ஆள் கைக்குப் போயிருந்தா எனக்கு இப்படி ஆகியிருக்காதுன்னார்.”

“நீ என்ன சொன்னே?”

“அப்படியான்னு கேட்டேன்.”

“வேற?”

“வேற ஒண்ணும் சொல்லலை சார். வாய் வரலை.”

பாவம் கார்மேகம். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

“சேர்ந்து எழுதலாம், உங்க பேரை முதல்ல போடுறேன்னுகூடச் சொல்லிப் பார்த்தேன். கும்பிடுறேன் மேடம், ஆளை விடுங்க, அந்த நண்டை நீங்களே வச்சுக்கங்கன்னுட்டார்.”

ஆக, நண்டு அவளுக்கே கிடைத்துவிட்டது. போட்டிக்கு ஆளில்லை. ஏறக்குறைய எழுதி முடித்த கட்டுரையும் பையிலேயே இருந்தது. மழை ஆரம்பித்த நாளிலிருந்து அவள் ஆசைப்பட்டது இதற்குத்தான். இப்போது அந்தக் காகிதத்தைத் தொடவே அவளுக்குக் கூசியது.

“நண்டுக்குக் கார்மேகம் பேரையே வைக்கப் போறேன் சார்.”

சாரின் முகம் கொஞ்சம் இளகியது.

ஒருவர் பெயரை வைத்தால், அது யார், எதற்காக அவர் பெயர் என்று கட்டுரையில் எழுதுவது இவர்கள் வழக்கம். சாரே அப்படி எழுதியிருக்கிறார். பரிசல் ஓட்டியவர் பெயரில் ஒரு நண்டு உண்டு. காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொடுத்த அம்மாள் பெயரிலும் ஒன்று உண்டு.

“எதுக்காகன்னு எழுதிட்டியா?”

“இன்னும் இல்லை.”

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். அவள் மெதுவாக எழுதினாள். எழுதியதை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் வாய்விட்டுப் படித்தார்.

“‘இந்த நண்டை முதலில் கண்டறிந்து விவரித்த கார்மேகத்தின் நினைவாக அவர் பெயர் இடப்படுகிறது.’”

“சரியா இருக்கா சார்?”

“நினைவாகன்னு எழுதியிருக்கியே. ஆள் உயிரோடதானே இருக்கார்?”

அவள் அந்தச் சொல்லை அடித்துத் திருத்தினாள்.

“இப்ப சார்?”

“முதல்ல கண்டவர் ஏன் பேர் வைக்காமப் போனார்னு படிக்கிறவங்க கேப்பாங்களே மங்கை,” என்றார். காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். “அடுத்த வரியையும் எழுது.”