ஃபேன் சுற்றியது

எஸ்தரைவிடப் பெத்துராஜ் மூத்தவர். இருந்தாலும் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வித்தையை அவளிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார். அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அன்றைக்கு அவள் அண்ணாச்சி என்ற விதத்தில் மரியாதை மருந்துக்கும் இல்லை.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். அங்கே கணக்கு எழுதும் கம்ப்யூட்டர் வேலை நடுவில் பொட்டென்று அணைந்துவிடும். போன வாரம் பெத்துராஜ் தனியாகப் போய்ப் பார்த்தார். ராம் மாற்றினார். ஹார்ட் டிஸ்க் மாற்றினார். ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நரம்பில்லாத நாக்கு விடுமா? "மெஷின்ல குத்தமில்ல முதலாளி, ஆள் கைதான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு வந்தார்.

முதலாளி அதைப் பிடித்துக்கொண்டார். ஆபரேட்டர் முப்பிடாதிக்கு இன்றோடு வேலை இல்லை. வேலைக்குக் கள்ளம் பண்ணி மெஷினை அணைக்கிறவள் என்று பேரெடுத்தால் அந்த வட்டாரத்தில் வேறு எந்த ஆபீஸ் அவளைச் சேர்க்கும்?

விஷயம் காதில் விழுந்ததும் எஸ்தர் பெத்துராஜை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். முப்பிடாதி அழுது முடித்த முகத்தோடு சுவரோரம் நின்றாள். முதலாளி உள்ளறையில் போனில் இருந்தார்.

"கரண்டு குடுக்குற டப்பா, பவர் சப்ளை, அதைப் பாத்தீங்களா?"

"பாக்காம இருப்பேனா டீச்சர். தனியாக் கழட்டி வச்சு, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் துண்டுக் கம்பியால சேத்தேன். அதுக்குள்ள இருக்க ஃபேன் சுத்துச்சு. மீட்டர் வச்சேன், பன்னிரண்டு வோல்ட் காட்டுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. நல்லாருக்குன்னு திரும்ப மாட்டிட்டேன்."

எஸ்தர் பல்லைக் கடித்துக்கொண்டாள். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, எதையும் கழற்றாமல், சப்ளையிலிருந்து வரும் மஞ்சள் வயரில் மீட்டர் முனையைச் சொருகினாள். பன்னிரண்டு. பெத்துராஜுக்குப் போன உயிர் வந்தது.

"முப்பிடாதி, நீ அன்னாடம் பாக்குற வேலையைப் பாரு. லோடு ஏறட்டும்."

முப்பிடாதி உட்கார்ந்து கணக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து ஓடவிட்டாள். பன்னிரண்டு பதினொன்றரை ஆயிற்று. பதினொன்று. பத்தரைக்கு இறங்கியதும் திரை இருண்டது. அவள் இரண்டு கையையும் தூக்கிக் காட்டியபடி உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளைக் காட்டச் சொல்லவில்லை.

பெத்துராஜால் அதைப் பார்க்க முடியவில்லை.

"சுழியை மட்டும் பாத்து மாடு வாங்குவீங்களா அண்ணாச்சி? வண்டியில பூட்டிப் பாக்க வேண்டாம்? சும்மா ஒரு ஃபேனைச் சுத்த விட்டுட்டு, ஒருத்தி சோத்துல மண்ணள்ளிப் போட்டிருக்கீங்க."

பெத்துராஜுக்குச் சுருக்கென்றது. வயசில் சின்னவள் இப்படிப் பேசுகிறாளே என்று ஒரு கோபம். தன் மேலேயே அதைவிடப் பெரிய கோபம்.

"பையில புது சப்ளை இருக்கு டீச்சர்," என்றார் தணிந்த குரலில். "மாட்டிட்டுக் கிளம்புவோம். முதலாளிகிட்ட சாவகாசமா நான் பேசிக்கிடுறேன்."

"இன்னைக்கு மாட்டி நாளைக்கு மெஷின் ஓடுனா, இவ போனதாலதான் ஓடுதுன்னு நினைப்பாரு."

"இப்பவே போய் நின்னா என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டிருவாரு. சுத்துப்பட்டு ஆபீஸ் பூரா அவுக சொந்தக்காரங்க. எனக்கு யாரு வேலை குடுப்பா? தப்பு என்னுதுதான். இல்லைன்னா சொன்னேன்? உங்ககிட்ட ஒத்துக்கிடுறேன். இந்தப் பிள்ளைகிட்டயும் ஒத்துக்கிடுறேன். என் மனசு சுத்தம் டீச்சர்."

முப்பிடாதி முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"எங்கிட்ட எதுக்கு ஒத்துக்கிடுறீக? நான் அணைக்கலன்னுதான் எனக்குத் தெரியுமே."



"என்னம்மா பாத்தாச்சா?" உள்ளறையிலிருந்து முதலாளியின் குரல் வந்தது. "அந்தப் பிள்ளையை அனுப்பிரலாமா?"

எஸ்தர் மீட்டரைப் பிடுங்கிப் பெத்துராஜின் கையில் திணித்தாள்.

"லோடு இல்லாதப்ப எல்லா டப்பாவும் பன்னிரண்டு காட்டும் அண்ணாச்சி. உள்ள போங்க."