நானூறு தூக்குவாளியும் ஒரு நல்லவனும்

"தாயே, உலகத்துல நல்லவன் ஒருத்தனைக் கண்டுபிடிச்சுட்டேன்" என்றார் சிற்றம்பலம்.

பூண்டு உரித்துக்கொண்டிருந்த மங்கையம்மாவின் கை நின்றது.

நிற்காதா பின்னே? சொன்னது யார்? விற்பனை வரி அலுவலகத்தில் முப்பது வருஷம் அடுத்தவன் கணக்கைக் கிளறிக் கிளறியே தலை நரைத்த மனுஷன்! மடத்துக்கு வந்து சேர்ந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. எண்ணெய் டின்னில் பேனாவால் கோடு போட்டு வைப்பார். பால்காரர் ஊற்றினால் நுரை அடங்கும்வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். கோயிலில் கைநிறையப் பொங்கல் கொடுத்தால்கூட, 'இவன் எதுக்கு இவ்வளவு குடுக்கிறான்?' என்று யோசித்துவிட்டுத்தான் வாயில் போடுவார்.

மடத்தின் குரு மங்கையம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அதனால் முதலில் குருவையே சந்தேகப்பட்டார். சோதித்துப் பார்க்கலாம் என்று வந்தவர்தான், வருஷக்கணக்காக இங்கேயே கிடக்கிறார். சந்தேகம் தீர்ந்ததா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

"நல்லவரா? எங்கே இருக்கார்?" என்றார் மங்கையம்மா.

"போன்ல, தாயே."

மங்கையம்மா மறுபடியும் பூண்டை எடுத்துக்கொண்டார்.

அந்த மடம் பெரியாஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் இருக்கிறது. சாயங்காலமானால் நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்கள் கஞ்சி வாங்க வரிசையில் நிற்பார்கள். பாத்திரம் கொண்டுவராதவர்களுக்கு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். போன வாரம் ஒரு பை கிழிந்து, கொதிக்கிற கஞ்சி ஒரு பெண்ணின் காலில் கொட்டிவிட்டது. புருஷனைப் பார்த்துக்கொள்ள வந்தவள், பாவம், பக்கத்து வார்டிலேயே படுத்துவிட்டாள்.

அன்றைக்கே மங்கையம்மா சொல்லிவிட்டார், மூடி போட்ட எவர்சில்வர் தூக்குவாளி நானூறு வேண்டும் என்று. மடத்தில் இருந்த பணமோ ஆட்டோக்காரர்களும் பூக்காரப் பெண்களும் அன்றாடம் போட்டு வைத்தது. மூன்று மாத அரிசிக்கு அதுதான் ஆதாரம். அதிலிருந்துதான் தூக்குவாளிக்கும் எடுக்க வேண்டும். வாங்கும் பொறுப்பை சிற்றம்பலம் தலையில் வைத்தார்.

"விவரமாச் சொல்லுங்க" என்றார் மங்கையம்மா.

சிற்றம்பலம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஆன்லைன் சந்தையில நிறைய வியாபாரிங்க கடை போட்டிருக்காங்க. மொத்தமா எடுத்தா என்ன குறைப்பீங்கன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டேன். கும்பகோணத்துல ஒரு அம்மா. நூத்தித் தொண்ணூறு ரூபா தூக்குக்கு வெறும் பன்னிரண்டு ரூபா குறைக்கிறாங்களாம். அதுவும் எப்படி? முதல்ல ஒண்ணே ஒண்ணு வாங்கிப் பாருங்க, பிடிச்சா மீதியை எடுங்க, காசை சந்தை வழியாவே கட்டுங்க, பொருள் உங்க கைக்கு வந்தப்புறம் அவங்க எனக்குக் குடுத்தாப் போதும்னு சட்டம் பேசுறாங்க."

"அதுல என்ன தப்பு?"

"என்ன தாயே இப்படிக் கேட்கிறீங்க! அந்த ஒண்ணோட காசையும் சுருட்டப் பாக்குறாங்க. எனக்கா தெரியாது?"

"சரி. நல்லவர்?"

சிற்றம்பலத்தின் முகம் மலர்ந்தது. அந்த முகம் அப்படி மலர்ந்து மடத்தில் யாரும் பார்த்ததில்லை.

"பேர் முகிலன். அவர் கடையில நூத்தியெண்பதுன்னு போட்டிருக்கார். நான் கேட்டதும் அவரே நம்பர் குடுத்து, போன்ல பேசினார். பேசினேன், பேசினேன், ரெண்டு நாளாப் பேசினேன். நூத்திப்பத்துக்குக் கொண்டாந்துட்டேன் தாயே! மடத்துக்குன்னு சொன்னதும் மனுஷன் அழுதுட்டார். 'எங்கம்மாவும் ஆஸ்பத்திரியிலதான் சாமி போச்சு, எனக்கு லாபமே வேண்டாம்'னார்."

"பணம் எப்படிக் கேட்கிறார்?"

"பாதியை முன்பணமா, நேரா அவர் கணக்குக்கு. சந்தை வழியாப் போனா அவங்க கமிஷன் பிடுங்கிக்குவாங்களாம். அந்தக் கமிஷனைத்தான் நமக்குக் குறைக்கிறாராம்."

"எப்போ?"

"இன்னைக்கு ஆறு மணிக்குள்ள. நாளைக்கு எவர்சில்வர் விலை ஏறுதாம்."

மங்கையம்மா பூண்டு உரிப்பதை நிறுத்தவில்லை. அது சிற்றம்பலத்துக்குப் பிடிக்கவில்லை.

"நான் என்ன விவரம் தெரியாதவனா தாயே? அவரோட ஜிஎஸ்டி நம்பரைக் கேட்டு வாங்கினேன். அரசாங்கத் தளத்துல போட்டுப் பார்த்தேன். அசல் நம்பர்! கம்பெனி பேரு, ஊரு, பதிவு பண்ணின தேதி, எல்லாம் கச்சிதமா இருக்கு. முப்பது வருஷம் இதே வேலை பார்த்தவன். எழுத்து எழுத்தாச் சரிபார்த்துட்டேன்."

மங்கையம்மா எழுந்து வந்தார். சிற்றம்பலம் கழுத்தில் ஓய்வூதியர் அடையாள அட்டையை எப்போதும் தொங்கவிட்டிருப்பார். அதைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"இந்த அட்டை அசல்தானே?"

"அசல்தான்."

"நம்பர்?"

"அதுவும் அசல்தான்."

"அப்போ ஒண்ணாம் தேதியிலேர்ந்து உங்க பென்ஷன் எனக்கு."

"அதெப்படி தாயே!" சிற்றம்பலம் பதறிப்போனார். "அது என்னோட நம்பராச்சே!"

மங்கையம்மா அட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, பூண்டுக் கூடைக்குத் திரும்பிவிட்டார்.

சிற்றம்பலத்துக்கு எரிச்சலாக வந்தது. நேரம் போய்க்கொண்டிருக்கிறது, இவர் விளையாடிக்கொண்டிருக்கிறாரே! உடனே பழைய புத்தி தலைதூக்கியது. ஏன் தடுக்கிறார்? இதில் இவருக்கு என்ன? அந்தக் கும்பகோணத்து அம்மாள் இவருக்கு வேண்டியவளோ?

மனசில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை அவர். கேட்டேவிட்டார்.

"தாயே, அந்தக் கும்பகோணத்து அம்மா உங்களுக்குச் சொந்தமா?"

மங்கையம்மா சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு.

"என்னையும் சந்தேகப்படுறீங்களா?"

"பழக்கம் தாயே. மன்னிக்கணும்."

"மன்னிக்க என்ன இருக்கு, நல்ல பழக்கந்தான். பால்காரரை விடல, என்னை விடல. அந்த ஒருத்தரை மட்டும் எப்படி விட்டீங்க?"

"அவர் ஒருத்தர்தானே நான் கேட்ட விலைக்கு இறங்கி வந்தார்!"

"சரி. அவருக்கு ஒரு போன் போடுங்க. நான் சொல்றதை மட்டும் சொல்லுங்க. எனக்கும் கேட்கிற மாதிரி வைங்க."

சிற்றம்பலம் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தார். முதல் மணி அடிப்பதற்குள் எடுத்தாயிற்று.

"சாமி! வணக்கம் சாமி! அனுப்பிட்டீங்களா?" குரல் என்ன குரல், பாகு மாதிரி.

மங்கையம்மா சிற்றம்பலத்தின் காதில் ஏதோ சொன்னார். சிற்றம்பலம் விழித்தார். அவர் வாழ்க்கையில் அப்படியொரு வார்த்தையை எந்த வியாபாரியிடமும் சொன்னதில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தம்பி, வந்து... அம்மா தள்ளுபடி வேண்டாங்கிறாங்க. உங்க கடையில போட்டிருக்கிற முழு விலையே தர்றோம். நூத்தியெண்பது. அந்தக் கமிஷனும் எங்க செலவு. ஆனா பணத்தை சந்தை வழியாத்தான் கட்டுவோம்."

"எதுக்கு சாமி வீணா? பொதுப் பணமாச்சே. நூத்திப்பத்தே போதும்."

"பரவாயில்ல தம்பி. முதல்ல ஒண்ணு மட்டும் அனுப்புங்க, பார்த்துட்டு மீதி."

"ஒண்ணு ரெண்டெல்லாம் அனுப்புறதில்ல சாமி."

"அப்போ நானூறும் சேர்த்தே எடுத்துக்கிறோம். முழு விலை. சந்தை வழியா."

"சாமி, நூறு ரூபாய்னு வச்சுக்குங்க. இப்பவே நேரா போட்டுவிடுங்க."

சிற்றம்பலம் குருவைப் பார்த்தார். மங்கையம்மா கைவிரல் இரண்டைக் காட்டினார்.

"தம்பி, இருநூறு தர்றேன்" என்றார் சிற்றம்பலம். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"தொண்ணூறு சாமி! மடத்துக்காக!"

"இருநூத்திப்பத்து. சந்தை வழியா."

"எண்பது! இதுக்கு மேல என்னால முடியாது சாமி. பாதிகூட வேண்டாம், பத்தாயிரம் மட்டும் இப்பப் போடுங்க!"

அடக் கடவுளே! விற்கிறவன் இறங்குகிறான், வாங்குகிறவன் ஏறுகிறான். ஊர் உலகத்தில் எந்தச் சந்தையிலாவது இப்படி ஒரு பேரம் நடந்திருக்கிறதா? சிற்றம்பலத்தின் நெற்றியில் வேர்வை அரும்பியது.

"ஏன் தம்பி," என்றார் மெதுவாக, "கூடக் காசு குடுத்தா ஏன் வேண்டாங்கிறீங்க?"

பாகு போய்விட்டது.

"யோவ் பெருசு, ரெண்டு நாளா என் நேரத்தைத் தின்னுட்டு இப்ப என்னய்யா கேள்வி கேட்கிற? போடுறியா, இல்லையா?"

"இல்லை" என்றார் சிற்றம்பலம்.

அதற்கு மேல் அந்த நல்லவன் பேசியதை இங்கே எழுத முடியாது. போன் வைக்கப்பட்டது. சிற்றம்பலம் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார். அந்த நம்பரில் யாரும் எடுக்கவில்லை.

அவர் போனில் வங்கிச் செயலியைத் திறந்து பார்த்தார். இங்கே வருவதற்கு முன்னாலேயே முகிலனின் கணக்கு எண்ணைப் போட்டு, தொகையையும் போட்டு வைத்திருந்தார். குருவிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டு அப்புறம் அனுப்பலாம் என்று வந்ததுதான். அந்த ஆசை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் மூன்று மாதம் முடியும் முன்பே உலையில் போட அரிசி இருந்திருக்காது. வரிசையில் நிற்கிறவர்களிடம் என்ன சொல்லியிருப்பார்? பூக்காரப் பெண்களின் முகத்தில் எப்படி முழித்திருப்பார்? அழுகை வந்துவிட்டது அவருக்கு.

மங்கையம்மா அழவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து சிற்றம்பலம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவன்கிட்ட தூக்குவாளியே இல்ல, தாயே."

"ம்."

"இல்லாத பொருளுக்கு என்ன விலை சொன்னாத்தான் என்ன?"

"ம்."

"அப்போ ரெண்டு நாளா என்னதான் தாயே அவன் எனக்கு வித்தான்? நானும் விடாம அவன்கிட்ட எதை வாங்கிக்கிட்டிருந்தேன்?"

மங்கையம்மா கடைசிப் பூண்டை உரித்துக் கூடையில் போட்டார்.

"'உங்களை மாதிரி விவரமான ஆளை நான் பார்த்ததே இல்ல சாமி'ன்னு எத்தனை தடவை சொன்னார்?"

சிற்றம்பலம் தரையைப் பார்த்தார்.

"போன் எடுக்கும்போதெல்லாம், தாயே."