நாற்பது மாதிரிகளில் இல்லாத பிள்ளை

பிரசவ ஆஸ்பத்திரியின் மாடியறையில் இருவர் வேலை செய்தார்கள். குருவின் பெயர் பெனிட்டா, வயது இருபத்தெட்டு. சீடர் ஞானசிகாமணி, வயது ஐம்பத்து மூன்று.

இருபத்தாறு வருஷம் பிறப்பு நோட்டு எழுதிய கை அவருடையது. நோட்டு போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது, "எனக்கும் சொல்லித் தாங்க டீச்சர்" என்று அவராகவே வந்து உட்கார்ந்தார்.

அவருக்குக் கிடைத்த முதல் வேலை இது. பிரசவ அறையிலிருந்து ஒவ்வொரு பிரசவமும் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பாக வரும். தாய் என்று ஒரு குறி திறக்கும். அதற்குள்ளே பெயர், வயது, குழந்தை. பிறகு தாய் என்ற குறி மூடும். வருகிறதை ஏந்திக்கொள்ள அவர் ஒரு கிளாஸ் எழுத வேண்டும்; எந்த விவரம் எங்கே உட்கார வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் அச்சு அது.

எழுதினார். கிளாஸின் பெயர் தாய். அதற்குள் பெயருக்கு ஓர் இடம், வயதுக்கு ஓர் இடம், குழந்தைக்கு ஓர் இடம்.

மூன்று நாள் நன்றாக ஓடியது. நாலாம் நாள் காலை சிஸ்டர் எஸ்கலின் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"அண்ணாச்சி, என் கண்ணு கெட்டுப்போச்சா, உங்க கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சா? கீழ ரெண்டு சூட்டுப் பெட்டியில ரெண்டு பிள்ளை கிடக்கு. ஸ்கிரீன்ல ஒண்ணுதான் இருக்கு."

"யாரு பிள்ளை சிஸ்டர்?"

"அஜிதாவோட இரட்டை. தங்கச்சி இருக்கா, ரெண்டு கிலோ. அண்ணன்காரனைக் காணோம். அவன் ஒண்ணேகால் கிலோதான். எடையைப் பார்த்துத்தான மருந்து அளப்போம்? புதுசா வந்த நர்சு தங்கச்சி எடைக்கு அவனுக்கு அளந்துட்டா. நான் மட்டும் சிரிஞ்சைப் பிடுங்கலன்னா..."



"இன்னிக்குப் பூரா கையெழுத்துச் சீட்டைப் பார்த்தே அளங்க சிஸ்டர்" என்றாள் பெனிட்டா. சிஸ்டர் ஓடினார்.

ஞானசிகாமணி அஜிதாவின் பெயரைத் தேடினார். கோப்பைத் திறந்தார். அதில் இரண்டு பிள்ளைகளும் இருந்தன. முதலில் வந்த பையன் அந்த ஒற்றை இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். பின்னால் வந்த தங்கையும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவன் அழிந்துபோனான்.

"நோட்டுல இரட்டை வந்தா என்ன செய்வீங்க அண்ணாச்சி?"

"மார்ஜின்ல சிவப்பு மையால எழுதிச் சேர்ப்பேன் டீச்சர்."

"கிளாசுல மார்ஜின் எங்க இருக்கு?"

அவர் திரையின் ஓரத்தைத் தேடிப் பார்த்தார்.

"எதைப் பார்த்து எழுதினீங்க?"

"நாற்பது மாதிரிக் கோப்பு தந்தீங்களே. வரி விடாம வாசிச்சேன். எல்லாத்துலயும் ஒரு பிள்ளைதான்."

"ஸ்கீமா?"

எந்தக் குறிக்குள் எது வரலாம், எத்தனை வரலாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பதுதான் ஸ்கீமா.

"அது மண்டையில ஏறல்ல. மூடி வச்சிட்டேன்."

"மாதிரியில இருக்கிறவங்க பிறந்துட்டாங்க" என்றாள் பெனிட்டா. "ஸ்கீமா பிறக்கப்போறவங்களுக்கு."

அவள் ஸ்கீமா அச்சடித்த தாளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். அவரும் பின்னாலேயே போனார். பெட்டிகள் இருக்கிற அறைக்கு வெளியே, கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நின்றார்கள். உள்ளே அந்தப் பையன், ஒரு கோழிக்குஞ்சு அளவில், முஷ்டியை மூடிக்கொண்டு கிடந்தான்.

"இங்க நின்னு வாசிங்க."

விரல் வைத்து வாசித்தார். "குழந்தை. குறைந்தது பூஜ்யம். அதிகபட்சம்..." மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எல்லை இல்லை."



"இதை எப்ப எழுதினாங்க டீச்சர்?"

"ஒன்பது வருஷம் இருக்கும்."

"யாரு?"

"தெரியாது."

அவர் தாளைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். கோயிலில் நிற்கிற மாதிரி அவர் கை தானாகக் குவிந்தது.

"இவன் அம்மைக்கே அப்ப கல்யாணம் ஆகியிருக்காதே. இவனுக்கு இடம் போட்டு வச்சிருக்காங்களே."

பையன் முஷ்டியை ஒருதரம் திறந்து மூடினான்.

மாடிக்கு வந்ததும் தாய் கிளாஸைத் திறந்தார். குழந்தைக்கு இருந்த ஒற்றை இடத்தை எடுத்துவிட்டு ஒரு பட்டியலை வைத்தார். எத்தனை பேர் வந்தாலும் ஒருவருக்குப் பின் ஒருவராக அதில் நிற்கலாம். ஓட்டிப் பார்த்தார். திரையில் முதலில் அண்ணன், அடுத்து தங்கை.

கீழிருந்து போன் வந்தது. "வந்துட்டான் அண்ணாச்சி! இனி அவனைத் தொலைச்சீங்கன்னா உங்களைப் பெட்டியில போட்டுருவேன்" என்றார் சிஸ்டர் எஸ்கலின். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கிய பிறகு அவர் மறுபடியும் அந்தத் தாளை எடுத்தார்.

"டீச்சர், குறைந்தது பூஜ்யம்னு இருக்கு. பிள்ளையே இல்லாம ஒண்ணு வந்தா அது தப்பான கோப்புதானே? தள்ளிவிடும்படி எழுதிடட்டுமா?"

"நோட்டுல அப்படி வந்தா?"

அவர் குரல் இறங்கியது. "பிள்ளை தங்கலன்னா அந்த வரியை அடிச்சிடுவோம். அந்த அம்மையை வேற நோட்டுல ஏத்துவோம்."

"அதுல அவங்களை என்னன்னு எழுதுவீங்க?"

"நோயாளின்னு."

பெனிட்டா எழுந்து வந்து, கிளாஸைத் திரையில் திறந்து, அதன் முதல் வரியில் விரலை வைத்தாள்.

"பட்டியல்தான் காலி அண்ணாச்சி. கிளாஸ் பேரை வாசிங்க."