தலைவர் படித்த முகம்

அந்த மலையூர்க் கிளப்பில் போக்கர் என்றால் தலைவர் சௌந்தரபாண்டியன்தான். "எதிராளி மூஞ்சியைப் பார்த்தே கையில் என்ன சீட்டுன்னு சொல்லிடுவேன்" என்பார்.

சமையல்காரர் கோட்டைச்சாமி மகளின் வளைகாப்புக்கு லீவு கேட்டார். வளைகாப்பு நாளன்றுதான் கிளப்பின் ஆண்டு விருந்து.

"போக்கர்ல என்னை ஒரு ஆட்டம் ஜெயிச்சுட்டுப் போய்யா" என்றார் தலைவர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"எனக்கு ஆடத் தெரியாதுங்களே ஐயா."

"ஆளுக்கு அஞ்சு சீட்டு. ஜோடி சேர்ந்தா நல்லது, மூணு சேர்ந்தா இன்னும் நல்லது. பந்தயத்துக்குப் பயந்து சீட்டைக் கவுத்தவன் தோத்தான். மூஞ்சி காட்டிக்கொடுக்கலைன்னா குப்பைச் சீட்டை வச்சும் ஜெயிக்கலாம்."

பந்தயம் கட்ட, சமையற்கட்டிலிருந்து ஆளுக்கொரு கிண்ணம் புளியங்கொட்டை வந்தது.

கோட்டைச்சாமி சீட்டை விரித்து நிதானமாகப் பார்த்தார். உதட்டோரம் சிரிப்பு அரும்பியது. கிண்ணத்தை அப்படியே நடுவில் கொட்டினார்.

தலைவர் கையில் இரண்டு ராஜா. எதிரே இருந்த முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தார். பயமில்லை, படபடப்பில்லை, பால் குடித்த பிள்ளையின் முகம். "பெரிய சீட்டுதான்யா உனக்கு" என்று தன் சீட்டைக் கவிழ்த்தார்.

கோட்டைச்சாமி தன்னுடையதைக் காட்டினார். ஒன்றோடொன்று சேராத குப்பை.

"இதுக்கா சிரிச்சே?"

"என்ன சீட்டுன்னு இப்பவும் தெரியாதுங்க ஐயா. கண்ணாடி அடுப்படியில கிடக்கு. புள்ளைக்கு முதல்ல எந்தச் சோறு கிளறலாம்னு நினைச்சேன், சிரிப்பு வந்துடுச்சு."

வளைகாப்புப் புளிச்சோறு, விழா முடிந்த மறுநாள் கிளப்புக்கும் வந்தது. தலைவர் இரண்டாம் முறை தட்டை நீட்டினார். அவர் முகத்தைப் படிக்க அன்று யாருக்கும் கண்ணாடி தேவைப்படவில்லை.