பதினாறு கொள்ளும் பெட்டி

கரட்டுக்காட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே இருந்தது. வனக்காவலர் குடிசையைக் காலி செய்தபோது விட்டுப்போன சின்னப் பெட்டி அது. டிபன் பாக்ஸ் அளவுதான். கூரையில் சூரியத் தகடு, கிழக்குச் சரிவைப் பார்த்தபடி மரத்தில் ஒரு கேமரா. சரிவில் புகை எழுந்தால் பெட்டி திரையில் காட்டிக் கத்தும். கோடையிலும் காடு நிம்மதியாக இருந்தது அதனால்தான்.

பெட்டியைப் பார்த்துக்கொண்டவள் மிளகி என்ற சுண்டெலி. அவள் குடியிருந்ததே அதற்குள்தான். எந்தக் கம்பி எங்கே போகிறது என்பது அவளுக்கு அத்துப்படி. அதனால் கொஞ்சம் நிமிர்ந்தே நடப்பாள். நடக்கட்டுமே, வேலை தெரிந்தவள்.

காட்டுத் தலைவர் மயிலால்தான் வம்பு வந்தது. கேமராவுக்கு முன்னால் ஆடுவது, பிறகு பதிவான பத்து ஆட்டத்தையும் ஒரே நேரத்தில் திரையில் ஓடவிட்டு ரசிப்பது என்று அது ஒரு வழக்கம் வைத்திருந்தது. பெட்டியில் இருந்ததோ எட்டு ஜிபி ரேம், நான்கும் நான்குமாக இரண்டு தகடு. புகையைக் கவனிக்க அது தாராளம். பத்து மயிலையும் சேர்த்து ஆட்டிவைக்கப் போதாது. படம் திக்கித் திக்கி நகர்ந்தது.

அந்த நேரம் பார்த்து மேற்குக் காட்டு மந்தி வந்தது. தங்கள் காட்டுப் பெரிய கம்ப்யூட்டரில் அறுபத்துநாலு ஜிபி இருப்பதாகப் பீற்றிக்கொண்டது. உங்களிடம் எவ்வளவு என்று கேட்டது. மயில் தோகையைக் கோதிக்கொண்டே பேச்சை மாற்றியது.

மறுநாளே பெரிய ரேம் வேண்டுமென்று டவுனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். பெருச்சாளி வந்தது. சாக்கடை வழியாகவே கடைவீதி முழுக்கப் புழங்குகிற ஆசாமி. மிளகிக்குப் பெரியப்பா முறை. ஒவ்வொன்றும் முப்பத்திரண்டு ஜிபி என்று இரண்டு ரேம் தகடுகளைக் கவ்விக்கொண்டு வந்திருந்தது.

மிளகி பெட்டிக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

"பெரியப்பா, இதுல ரெண்டே பள்ளம். ஒண்ணுக்கு எட்டு, மொத்தம் பதினாறு. அதுக்கு மேல இந்தத் தாய்ப்பலகை ஏத்துக்காது. உள்ள எழுதியே இருக்கு. நான் அதுமேல தலைவச்சுத்தான் படுக்கறேன்."

"எழுதறவன் குறைச்சுத்தான் எழுதுவான், மகளே. பள்ளத்துல பொருந்துதான்னு பாரு," என்றது பெருச்சாளி.

பொருந்தத்தான் செய்தது. பார்வைக்கு எட்டும் முப்பத்திரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வாய்க்குள் போவதெல்லாம் வயிற்றில் தங்கிவிடுமா என்ன? மயிலுக்கு இது ஏறவில்லை.

"பதினாறா? அதைக் கேட்டாலே கருமாதிதான் ஞாபகம் வருது. அறுபத்துநாலையே போடுங்க," என்று உத்தரவிட்டது.

பெருச்சாளி பழைய தகடுகளைக் கழற்றி மூலையில் எறிந்தது. புதியவற்றைச் செருகிப் பொத்தானை அமுக்கியது. பீப், பீப், பீப். திரை இருட்டாகவே இருந்தது. மறுபடி அமுக்கினாலும் அதே கதைதான். பெரிய மெமரி, எழுந்திருக்க நேரமாகும் என்று பெருச்சாளி சமாதானம் சொன்னது. மயிலும் பொறுத்தது. காலை போய் உச்சிவெயில் வந்துவிட்டது.

மூங்கில் காய்ந்து உரசித் தீப்பிடிக்கிற காலம் அது. கிழக்குச் சரிவைப் பார்க்க இப்போது ஒரு கண்கூட இல்லை. மயிலின் பறக்கப் பழகாத நான்கு குஞ்சுகளும் அந்தச் சரிவின் புல்லுக்குள்தான் மேய்ந்துகொண்டிருந்தன. மயில் அதை மறந்திருந்தது. மிளகி மறக்கவில்லை.

அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தலைவர் உத்தரவைவிட அவளுக்குத் தன் பெட்டியின் வேலை பெரிது. திமிர்தான். இருக்க வேண்டிய திமிர். மின்சாரத்தை நிறுத்தினாள். ஒரு பக்கக் கொக்கியைப் பல்லாலும் மறுபக்கத்தைப் பின்னங்காலாலும் விலக்கினாள். புதுத் தகடுகள் ஒவ்வொன்றாக மேலெழுந்தன. மூலையில் கிடந்த பழையவற்றை இழுத்துவந்து, மூச்சுவாங்க அமுக்கிப் பொருத்தினாள். பெருச்சாளி தடுக்க வந்தது. அவள் பார்த்த பார்வையில் பெரியப்பா இரண்டடி பின்வாங்கினார்.

பொத்தானை அமுக்கியதும் பெட்டி ஒரே ஒரு முறை பீப் என்றது. திரை வந்தது. கிழக்குச் சரிவும் வந்தது. அதன் நடுவில் நூலளவு புகை எழுந்துகொண்டிருந்தது.

"தலைவரே, குஞ்சுங்க!" என்று கத்தினாள் மிளகி.

மயில் போட்ட அகவலில் காடே எழுந்துவிட்டது. அது தோகையை இழுத்துக்கொண்டு பறந்துபோய்க் குஞ்சுகளை ஓட்டிவந்தது. காட்டுப்பன்றிகள் சரிவின் குறுக்கே உழுது வெறும் மண்ணாக்கின. தீ அந்த மண்வரை வந்து, தின்ன ஒன்றுமில்லாமல் அணைந்தது. ஒரு மான்குட்டிக்குக்கூடச் சேதமில்லை.

மயில் நான்கு குஞ்சுகளையும் இரண்டு முறை எண்ணிவிட்டுக் குடிசைக்கு வந்தது. தன் ஆட்டங்களையெல்லாம் மூடச் சொன்னது. இனி எட்டே போதும் என்றது.

"எட்டோட ஏன் நிக்கணும்? பதினாறு இது தாங்கும். தாங்கறதைக் குடுத்துத்தானே ஆகணும்," என்றாள் மிளகி.

பெருச்சாளி திரும்பிப் போய், மூன்றாம் நாள் எட்டும் எட்டுமாகக் கொண்டுவந்தது. இம்முறை பலகையில் எழுதியிருந்ததைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்த பிறகுதான் பள்ளத்தில் வைத்தது. பெட்டி துள்ளிக்கொண்டு ஓடியது. ஓரமாக ஓர் ஆட்டம் ஓடினாலும் புகையைப் பார்க்கும் கண் இமைக்கவில்லை.

அடுத்த வாரம் மந்தி மறுபடி வந்தது. இப்போதாவது எவ்வளவு என்று சொல்வார்களா என்று கேட்டுச் சிரித்தது. மிளகி பெட்டிமேல் ஏறி நின்றாள்.

"பதினாறு."

"அவ்வளவுதானா? அதுக்கு மேல ஏறாதா?"

"ஏறாது," என்றது மயில். நான்கு குஞ்சுகளும் பக்கத்தில் நிற்க, தோகையை முழுசாக விரித்தது. "பதினாறும் பெத்தாச்சு. இனிமே பெருவாழ்வுதான்."

கொள்ளாததைத் திணிப்பவர் இருந்ததையும் இழப்பார். தன் அளவை அறிந்து அதை முழுதாக நிறைப்பவருக்கே தலைநிமிர உரிமை உண்டு.