நூல் பிடித்துப் போட்ட சட்டம்

செம்மலை நாட்டை முன்னொரு காலத்தில் சித்திரவழுதி என்றொரு ராஜா ஆண்டான். காலையில் தோன்றியதை மத்தியானமே சட்டமாக்கிவிடுவான். ஒரு கோடையில் மேய்ச்சல் நிலமெல்லாம் மொட்டையாகக் கிடப்பதைப் பார்த்துப் பதறிப்போனான்.

"வண்டி மாடுகள்தான் புல்லை ஒழிக்கின்றன, மகாராஜா," என்றார் கார்மேகப் பிரதானி. நாட்டுப் படத்தின் மேல் நூல் பிடித்துக் காட்டினார். "எல்லா வண்டியும் மலையேறிக் குறுக்கே போகட்டும். வழி குறைந்தால் தீனியும் குறையும். சுற்றிப் போகிறவன் மாடு அரண்மனைக்கு!"

தண்டோரா போட்ட மூன்றாம் நாள், உப்பு ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்தைச் சுற்றி வந்த சடையாண்டி பிடிபட்டு, மாடுகளோடு ராஜா முன் நிறுத்தப்பட்டான். அவனுக்கு இருந்ததே அந்த ஒரு ஜோடி மாடுதான். அது போனால் பிழைப்பும் போச்சு. போதாததற்குப் பிரதானி மேல் அவனுக்கு ஒரு பழைய கோபம். ஏழு வருஷத்துக்கு முன் சந்தையில் அந்த ஜோடியில் ஒன்றான செவலைக் காளையைப் பார்த்து, "இது மாடா, கழுதையா?" என்று சிரித்தவர் அவர். அப்போது தெரிந்த பல் எத்தனை என்றுகூடச் சடையாண்டி மறக்கவில்லை.

"சட்டத்தை ஏனடா மீறினாய்?" என்றான் ராஜா.

"புல்லை மிச்சம் பிடிக்கத்தான், சாமி. மலையேறினால் மாடு நாலு கட்டு தின்னும். சுற்றி வந்தால் ரெண்டே கட்டு."

"என் நூலைவிட உனக்குத் தெரியுமோ?" என்று சீறினார் பிரதானி.

"நூல் வண்டி இழுக்காதுங்களே! சாமி, கோட்டைக்குச் செங்குத்துப் படியும் இருக்கு, யானை ஏறும் சரிவுப் பாதையும் இருக்கு. பிரதானியார் ஒரு மூட்டை உப்போடு இன்றைக்குப் படியில் வரட்டும், நாளைக்குச் சரிவில் வரட்டும். வந்ததும் பசிக்குச் சாப்பிடட்டும்."

வேடிக்கை என்றால் ராஜாவுக்கு உயிர். "நடக்கட்டும்!"

படியேறி வந்த பிரதானிக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தார், வயிறு கேட்கவில்லை. பதினோரு களி உருண்டை உள்ளே போயிற்று. மறுநாள் சரிவுப் பாதை மூன்று மடங்கு நீளம். ஆனாலும் ஆடி அசைந்து வந்து சேர்ந்தார். தன் நூல் கணக்கே சரியென்று காட்ட, அன்றைக்கும் பதினொன்றைத் தின்றுவிடத்தான் பார்த்தார். ஐந்தாவது உருண்டை தொண்டையிலேயே நின்றுவிட்டது.

ராஜா கிரீடம் சரியச் சிரித்தான். "ஓய் பிரதானி, நேற்று என் நாட்டுக் கேழ்வரகை ஒழித்தது நீரா, நூலா?"

பிரதானி தலை குனிந்தார். எந்தப் பாதையில் மாடு குறைவாகத் தின்னுமோ அதுவே வண்டிப் பாதை என்று சட்டம் மாறியது. அதைச் சொல்லும் அதிகாரம் சடையாண்டிக்கு. மாடுகளும் திரும்பி வந்தன.

"வேறென்னடா வேண்டும்?"

"பிரதானியார் செவலையிடம் மன்னிப்புக் கேட்கணும், சாமி."

பிரதானி கைகூப்பினார். "செவலையாரே, தாங்கள் மாடுதான்."

காளை ஒரு செருமல் செருமிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"இன்னும் கோபம் ஆறவில்லையே?" என்றான் ராஜா.

"ஆறாதுங்க, சாமி," என்றான் சடையாண்டி. "வளர்த்தவன் குணம்."