கன்னக்கறிக்கு ஆறு மணிக்கூர்

பேசி முடித்த லில்லிபாய் போனை அணைக்க மறந்துவிட்டாள். குவைத்தில் தன்னோடு சமையல் வேலை செய்யும் யாரிடமோ அவள் சொன்னது, இங்கே அவள் கணவர் தாசையனின் காதில் விழுந்தது.

“சனிக்கிழமை ஒரேயடியா ஊருக்குப் போறேன். பன்னிரண்டு வருசம் ஆச்சு. அந்த மனுசன்கிட்ட என்னத்தப் பேச?”

தாசையன் அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலை குலசேகரம் சந்தையில், ஜெசிந்தாவின் மாட்டுக்கறிக் கடை முன் நின்றார். அவளுக்கு முப்பத்தொரு வயது. அவருக்கு ஐம்பத்தெட்டு.

“மக்ளே, கறிக்குப் புகை போட எனக்குச் சொல்லித் தரணும்.”

“முப்பது வருசம் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்டவரு, என்கிட்ட கேக்கீரா?”

“லில்லி வேலை பாக்குற வீட்டுல வெள்ளிக்கிழமைதோறும் முற்றத்துல கறியைப் புகையில வைப்பாவளாம். வாசனை அடுக்களை வரைக்கும் வருமாம். ஒரு துண்டுகூட இவளுக்குக் கெடைச்சதில்ல.”

ஜெசிந்தா கத்தியைத் துடைத்தாள். யாரும் கேட்காமல் கிடந்த கன்னக்கறியை எடுத்து இலையில் பொதிந்தாள்.

“தொடைக்கறி தரப்படாதா?”

“இது போதும் மாமா. மாடு ஆயுசு முழுக்க அசைபோட்ட சதை. லேசுல இளகாது. மொதல்ல உமக்குத் தெரிஞ்ச மாதிரி செஞ்சு கொண்டு வாரும்.”

தாசையன் பழைய தகர டிரம்முக்குள் பச்சை ரப்பர் விறகையும் ஈரத் தேங்காய் மட்டையையும் அடுக்கினார். ஷீட்டுக்கு அப்படித்தான். புகை சுவர்போல எழுந்தது. பக்கத்து வீட்டுக்காரி கொடியில் கிடந்த துணிகளை வாரிக்கொண்டு ஓடினாள்.

“ஓய், பேய் ஓட்டுதீரா?”

வியாழக்கிழமை ஜெசிந்தா ஒரு துண்டை வாயில் போட்டாள். வெளியே போய்த் துப்பினாள்.

“முதல் தரம் மாமா. டயர் செய்ய அனுப்பலாம்.”

வெள்ளிக்கிழமை காலையிலேயே அவள் அவர் வீட்டுப் புறக்கடைக்கு வந்தாள். காய்ந்த கொய்யா விறகும் இரண்டு கன்னக்கறியும் கொண்டுவந்திருந்தாள். ஒன்றில் உப்பும் மிளகும் தேய்த்தாள். டிரம்மின் ஓர் ஓரத்தில் சிறு தீ. மறு ஓரத்தில் கறி. மூடினாள்.

தாசையன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“புகை எங்க ஆசானே?”

“மூடிக்கு மேல கையை நீட்டும்.”

நீட்டினார். முகர்ந்தார். கையில் வாசனை இருந்தது.

அவள் திரும்பிய நேரத்தில் ஓர் ஈர மட்டையை எடுத்து வந்தார். அவள் அதைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தாள்.

“பின்ன நான் என்ன செய்ய?”

“தீ தணியும்போ ஒரு விறகுக் கொள்ளி வையும்.”

“மத்த நேரம்?”

“இரும்.”

இருந்தார். வெகு நேரம் கழித்து, அவள் முகத்தைப் பார்க்காமல், போனில் கேட்டதைச் சொன்னார்.

“அவ வந்ததும் சொல்லணும்னு ஏகப்பட்டது யோசிச்சு வச்சிருக்கேன் மக்ளே. ஓடு மாத்தினது, எனக்குக் கண் ஆபரேசன் ஆனது, அவ நட்ட பலா காய்ச்சது. ராத்திரி படுத்தா எல்லாம் வரிசையா வருது. எதை மொதல்ல சொல்ல?”

ஜெசிந்தா ஒரு கொள்ளியைத் தள்ளி வைத்தாள்.

ஆறு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தாள். கறி விரல் பட்டதும் பிரிந்தது. தாசையன் ஒரு துண்டைத் தின்றார். அடுத்த துண்டை எடுக்காமல் அப்படியே நின்றார்.

“நாளைக்கு விடியக்காலம் நாலு மணிக்கே தீ வைக்கேன். அவ பத்துக்கு வந்து இறங்கும்போ தயாரா இருக்கும்.”

“அவ வந்த பொறவு வையும்.”

“பன்னிரண்டு வருசம் கழிச்சு வாறவளை, ஆறு மணிக்கூர் காக்க வைக்கவா?”

“ஆமா மாமா.”

இரண்டாவது கன்னக்கறியைச் சட்டியில் மூடி வைத்துவிட்டு ஜெசிந்தா போய்விட்டாள்.

சனிக்கிழமை லில்லிபாய் வந்தாள். பெட்டியை உள்ளே வைத்தாள். சுகமா என்றாள். சுகம் என்றார். குளித்துவிட்டு ஈரத் தலையோடு புறக்கடைக்கு வந்தபோது, தாசையன் அப்போதுதான் டிரம்மை மூடிவிட்டு அருகில் உட்கார்ந்திருந்தார்.

“என்ன அது?”

“கன்னக்கறி. புகையில வச்சிருக்கேன்.”

அவள் மூடிக்கு மேல் குனிந்தாள். கண்ணை மூடி மூச்சை இழுத்தாள்.

“எம்புட்டு நேரம் ஆகும்?”

“ஆறு மணிக்கூர்.”

லில்லிபாய் வீட்டுக்குள் போனாள். ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் போட்டாள்.